நஞ்சுப் புட்டிக்கு ஓர் அடையாளம்

திருநெல்வேலிப் பகுதியில் காரும் பிசானமும் இரு பெரும் நெற்பருவங்கள். பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் கால்வாய்கள் பாயும் வயல்களில், நாற்று நட்டுச் சில வாரங்கள் சென்றதும் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் தலைகாட்டுகின்றன. பயிர் வளர்ந்தபின் புகையான் வந்து சேருகிறது. அப்பொழுது குடியானவர் கடைக்குச் சென்று, "பூச்சிக்கு மருந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வருகிறார்.

இங்கே ஒரு சொல்லைக் கவனித்தல் வேண்டும். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து; பயிரின் மேல் தெளிப்பதும் மருந்து. ஒன்று உயிரைக் காப்பது. மற்றொன்று உயிரைப் போக்கவல்லது. நம் பேச்சு வழக்கில் இரண்டிற்கும் பெயர் ஒன்றாகவே அமைந்துவிட்டது. ஆகவே, வீட்டுக்குள் வரும் புட்டி எத்தகையது என்பதை அதன் பெயர் நமக்குச் சொல்வதில்லை. அதன்மீதுள்ள அடையாளமே சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தறியாத முதியவருக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனுக்கும், அவசரத்தில் கைநீட்டும் எவருக்கும் அந்த அடையாளம் விளங்குகிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

சட்டம் பிறந்த வரலாறு

1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலுள்ள கேரளத்திலும், அந்நாளைய சென்னை மாநிலத்திலும் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. கோதுமை மாவினால் செய்த உணவை உண்டவர்கள் மயங்கி வீழ்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவும் பாரத்தியான் என்னும் கொடிய பூச்சிக்கொல்லியும் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டபோது, நஞ்சு கசிந்து மாவில் கலந்ததே இதற்குக் காரணம் என்று தெரிய வந்தது. மாவின் நிறத்திலோ மூட்டையின் தோற்றத்திலோ உண்பவரை எச்சரிக்கும் குறி எதுவும் இல்லை.

இதனை விசாரிக்க நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதி, உற்பத்தி, போக்குவரத்து, விற்பனை, பயன்படுத்தல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. அதன் பயனாக 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971இல் அதற்குரிய விதிகளும் வந்தன. புட்டியின் மேலுள்ள எச்சரிக்கைச் சின்னம் அவ்விதிகளிலிருந்தே பிறந்தது. அழகுக்காகப் போடப்பட்ட படமன்று அது. பல உயிர்களை இழந்தபின் நாடு கண்ட பாதுகாப்பு என்பதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

சாய்சதுரம் கூறுவது யாது?

புட்டியின் லேபிளில், ஒரு மூலை மேலாகவும் எதிர்மூலை கீழாகவும் நிறுத்திய சதுரம் ஒன்று காணப்படும். அது நடுவில் இரு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மேல் முக்கோணத்தில் எச்சரிக்கைச் சொல்லும், சிலவற்றில் படமும் இருக்கும். கீழ் முக்கோணம் முழுவதும் ஒரே நிறம். நிறங்கள் நான்கு.

சிவப்பு: மிகக் கடுமையான நஞ்சு. இதற்கு மட்டும் மேலே மண்டையோடும் குறுக்கெலும்புகளும், 'விஷம்' என்னும் பொருளுடைய சொல்லும் இருக்கும்.

மஞ்சள்: கடுமையான நஞ்சு. இங்கும் 'விஷம்' என்ற சொல் உண்டு, மண்டையோடு இல்லை.

நீலம்: நடுத்தரமான நஞ்சு. 'அபாயம்' என்ற பொருளுடைய சொல் இருக்கும்.

பச்சை: சிறிதளவு நஞ்சு. 'எச்சரிக்கை' என்ற பொருளுடைய சொல் இருக்கும்.

இப்பாகுபாடு எவ்வாறு செய்யப்படுகிறது? சோதனைக்குட்பட்ட விலங்குகளில் பாதியைக் கொல்வதற்கு, அவற்றின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் நஞ்சு தேவை என்று கணக்கிடுகின்றனர். வாய்வழியாக 1 முதல் 50 மில்லிகிராம் போதுமாயின் சிவப்பு. 51 முதல் 500 வரையாயின் மஞ்சள். 501 முதல் 5,000 வரையாயின் நீலம். 5,000க்கு மேல் தேவைப்படின் பச்சை. தோலின் வழியாக உட்புகும் நஞ்சுக்கும் தனி அளவுகள் உண்டு. தெளிப்பானை முதுகில் சுமந்து நிற்பவருக்கு வாயினும் தோலே பெரிய வாசலாதலால் இது முக்கியமாகும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பச்சை முக்கோணம் 'கேடில்லை' என்று கூறவில்லை. 'ஏனையவற்றைவிடக் குறைவான நஞ்சு' என்றே கூறுகிறது. இரண்டாவது, இந்நிறம் உடனே நேரும் கேட்டை மட்டும் அளந்து காட்டுகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து உடலில் சேருவதால் விளையும் தீங்கை அது காட்டாது. மீனுக்கு நேரும் தீங்கையும் காட்டாது. மனிதருக்குக் குறைந்த நஞ்சாயுள்ள சில பொருள்கள் மீன்களுக்குக் கொடிய நஞ்சாகும். வயலில் வடியும் நீர் கால்வாய் வழியாகத் தாமிரபரணிக்கே திரும்புகிறது. அந்த ஆற்று நீரையே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

சின்னம் தானே பேசுமா?

சின்னங்கள் இருவகைப்படும். பார்த்தவுடன் தாமே பொருள் உணர்த்துவன ஒருவகை. ஓடும் மனிதனின் படம் 'விலகிச் செல்' என்பதை ஓரளவு தானே உணர்த்தும். மற்றொரு வகை, கற்பித்தால் மட்டுமே விளங்குவன. நிற முக்கோணம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சிவப்பைவிட மஞ்சள் குறைந்ததென்றும், மஞ்சளைவிட நீலம் குறைந்ததென்றும் எவருக்கும் இயல்பாகத் தோன்றாது.

நம் நாட்டு வழக்கையே பார்ப்போம். மஞ்சளும் குங்குமமும் மங்கலப் பொருள்கள். திருமண அழைப்பிதழின் ஓரத்தில் மஞ்சள் தடவுகிறோம். உணவுப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி சைவ உணவு என்பதைக் குறிக்கிறது. சாலை விளக்கில் பச்சை 'செல்லலாம்' என்கிறது. இந்நிறங்களே பூச்சிக்கொல்லிப் புட்டியில் நஞ்சின் அளவைக் குறிக்கின்றன. கற்பிக்கப்படாதவர் ஒருவர் மஞ்சளை மங்கலமென்றும் பச்சையைத் தூயதென்றும் கொண்டால் அதில் வியப்பில்லை. மண்டையோடும் அவ்வாறே. மின்மாற்றிக் கம்பத்தில் 'அபாயம்' என்ற எழுத்துடன் அதனைக் கண்டு பழகியவர்கள் இடர் என்று அறிவர். ஆனால் கபாலம் ஏந்திய கடவுளரையும் சுடலைக் காவலையும் வணங்கும் நாட்டில், மண்டையோடு அனைவருக்கும் ஒரே பொருளைத் தரும் என்று கேளாமலே முடிவு செய்தல் தகாது.

இன்னுமொன்று. தலைகீழாக நிறுத்திய சிவப்பு முக்கோணம் நம் கிராமங்களுக்குப் புதியதன்று. அது குடும்பநலத் திட்டத்தின் சின்னம். 1960களின் பிற்பகுதியிலிருந்து சுகாதார நிலையங்களின் சுவர்களிலும், பேருந்துகளிலும், பள்ளி மதில்களிலும் அது தீட்டப்பட்டது. சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியும் அதே வடிவமே; கடும் நஞ்சுக்கு அதே நிறமுமே. ஒரே உருவம் ஓரிடத்தில் குடும்பநலத்தையும் மற்றோரிடத்தில் கொடு நஞ்சையும் குறிக்கிறது. குடும்பநல முக்கோணத்தை மக்கள் அறிந்தது அதன் வடிவத்தால் அன்று; பல்லாண்டுகள் ஊர்தோறும் எழுதியும் சொல்லியும் கற்பித்ததனால் அறிந்தனர். நஞ்சு முக்கோணத்துக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை.

அதன் அளவையும் நோக்க வேண்டும். லேபிளின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாய்சதுரம் இருத்தல் வேண்டும் என்பது விதி. சிறு புட்டியொன்றின் லேபிள் எட்டு சென்டிமீட்டர் நீளமும் எட்டு சென்டிமீட்டர் அகலமும் உடையதென்று கொள்வோம். அதன் பரப்பு 64 சதுர சென்டிமீட்டர்; பதினாறில் ஒரு பங்கு நான்கு. அதாவது, பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உள்ள சதுரம். அதிலும் நிறத்துக்குரியது பாதியே. கட்டைவிரல் நகத்தளவான இடத்தில் ஓர் உயிரின் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது.

பிற நாடுகளில் கண்ட பாடம்

1971-72இல் ஈராக் நாட்டில் நேர்ந்தது உலகையே உலுக்கியது. வறட்சிக்குப் பின் விதைப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கோதுமை விதை வரவழைக்கப்பட்டது. பூஞ்சை பிடிக்காதிருக்கப் பாதரசக் கூட்டு பூசப்பட்ட விதை அது. உண்ணலாகாது என்று காட்டுவதற்குச் சாயமும் ஏற்றியிருந்தனர். மூட்டைகளின் மீது எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் அது ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரபு மொழி பேசும் உழவர்களுக்கு எழுத்தும் விளங்கவில்லை. நச்சுக் குறியும் விளங்கவில்லை. விதையைக் கழுவினால் சாயம் போயிற்று. சாயத்தோடு நஞ்சும் போயிற்று என்று எண்ணி அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் இறந்தனர். எச்சரிக்கை இல்லாமையால் இவர்கள் சாகவில்லை; எச்சரிக்கை இவர்களுக்கு விளங்குமா என்று எவரும் முன்னரே கேட்டறியாமையால் செத்தனர்.

1980களில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், பூச்சிக்கொல்லி உற்பத்தியாளர் சங்கத்துடன் சேர்ந்து, எழுத்தறியாதவருக்கும் உதவும் பொருட்டுச் சிறு படங்களை உருவாக்கியது. கையுறை அணிக, முகத்தை மூடுக, பயன்படுத்தியபின் கழுவுக, குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைக்க, மீன்களுக்குக் கேடு என்பன அப்படங்கள் கூறுவன. நல்ல முயற்சியே. எனினும் தென்னாப்பிரிக்காவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளரிடம் இத்தகைய படங்களின் பொருளைக் கேட்ட ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. பாதிக்கு மேற்பட்டோர் தவறாகவோ, குழப்பமாகவோ பொருள் கொண்டனர் என்று அது காட்டியது.

சோதித்து அமைத்த சின்னத்துக்கு எடுத்துக்காட்டும் உண்டு. கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ் அடையாளம் பொதுமக்களுக்கு விளங்கவில்லை என்று கண்ட சர்வதேச அணுசக்தி முகமை, புதிய சின்னங்களை வரைவித்து, இந்தியா உட்படப் பதினொரு நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்தது. கதிர்வீச்சு அலைகளும், மண்டையோடும், விலகி ஓடும் மனிதனும் கொண்ட சின்னம் அதன் பின்னரே 2007இல் வெளியிடப்பட்டது. வரைபவருக்கு விளங்குவது போதாது, காண்பவருக்கு விளங்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

சோதிக்கும் முறை

இம்முறை அறிஞர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா. ஓர் ஊராட்சியே இதனைச் செய்யலாம். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயிலும் காலத்தில் அவர்களது துணையையும் நாடலாம்.

முதலில், சோதிக்க வேண்டிய சின்னத்தை ஓர் அட்டையில் வரைந்து கொள்ள வேண்டும். புட்டியில் இருக்கும் அளவிலேயே மற்றோர் அட்டையும் வேண்டும். பெரிதாக வரைந்தால் விளங்குவது சிறிதாயின் விளங்காமற் போகலாம்.

அடுத்து, ஐம்பது பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெளிப்பவர், நாற்று நடும் பெண்கள், களை எடுப்போர், முதியோர், பள்ளிச் சிறுவர் ஆகிய அனைவரும் இவர்களுள் இருத்தல் வேண்டும். படித்தவரையே கேட்டால் உண்மை வெளிப்படாது.

ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்டால் முதலில் பேசியவர் விடையையே மற்றவரும் கூறுவர். "இது விஷம் என்று தெரிகிறதா?" என்று கேட்டலாகாது, கேள்வியே விடையைச் சொல்லிவிடும். "இது எதைச் சொல்கிறது? இது இருக்கும் பொருளைக் கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளே போதும். அவர் கூறும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். திருத்தலும் நகைத்தலும் கூடா. சோதிக்கப்படுவது சின்னமே, மனிதரன்று.

பின்னர் விடைகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும். சரியானவை ஒருபுறம், தெரியவில்லை என்பனவும் தவறானவையும் ஒருபுறம், நேர் எதிரானவை ஒருபுறம். மூன்றாவது வகையே பேராபத்தானது. 'தெரியவில்லை' என்பவர் பிறரைக் கேட்டறிவார். எதிராகப் பொருள் கொண்டவர் துணிந்து செய்துவிடுவார். கருவுற்ற பெண்ணின் உருவத்தைக் குறுக்குக் கோட்டால் அடித்த சின்னம் 'கர்ப்பிணிகள் உண்ணலாகாது' என்பதற்காக வரையப்பட்டது. அதனைக் கருத்தடை மருந்து என்று சிலர் கொண்டனர். குழந்தையின் படத்தின் மேல் கோடிட்டால், கோட்டின் பொருள் அறியாதவர் 'குழந்தைக்கு உரியது' என்று கொள்ளக்கூடும்.

எத்தனை பேர் சரியாகக் கூறினால் போதும்? அமெரிக்கத் தரமுறை நூற்றுக்கு 85 பேர் சரியாகக் கூறவேண்டும் என்றும், எதிராகக் கூறுவோர் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது என்றும் வகுத்துள்ளது. சர்வதேசத் தரமுறையில் நூற்றுக்கு 67 என்பது அளவாகக் கொள்ளப்பட்டது. ஐம்பது பேரைக் கேட்டால், கடுமையான அளவின்படி 43 பேர் சரியாகக் கூறவேண்டும். எதிராகக் கூறுவோர் இருவருக்கு மேற்படலாகாது. தேறாத சின்னத்தை மாற்றி வரைந்து, வேறு ஐம்பது பேரிடம் மீண்டும் காட்ட வேண்டும். முன்பு கேட்டவரிடமே மறுபடி கேட்டால் அவர் நினைவிலிருந்து விடை சொல்வார்.

லேபிளில் உள்ள சாய்சதுரம் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதனை ஊராட்சி மாற்றவியலாது. ஆயினும் அதனைச் சோதித்துப் பார்த்தால், எவருக்கு எது விளங்கவில்லை என்பது தெரியும். எதைக் கற்பிப்பது என்பதும் தெரியும். நாமே எழுதும் சுவர்ப் படங்களையும், ஊராட்சி நீர்த்தொட்டி அருகே வைக்கும் பிளீச்சிங் பவுடர் டப்பாவின் அறிவிப்பையும் இம்முறையில் சோதித்து அமைக்கலாம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அக்கூட்டங்களில் நான்கு நிற முக்கோணங்களையும் காட்டி விளக்கலாம். உரக்கடையின் அருகிலும், கூட்டுறவுச் சங்கச் சுவரிலும், பள்ளி மதிலிலும் அவற்றைப் பெரிதாகத் தீட்டலாம். பச்சைக்கு நேரே 'இதுவும் நஞ்சே' என்று எழுதுதல் மறவற்க.

புட்டியை விட்டு அடையாளத்தைப் பிரிக்கலாகாது. கடையில் ஒரு லிட்டர் வாங்கி, அயலாருக்குக் குளிர்பானப் புட்டியில் பாதி ஊற்றிக் கொடுப்பது பல ஊர்களில் காணும் வழக்கம். அக்கணமே சட்டம், சின்னம், நிறம் ஆகிய யாவும் பயனற்றுப் போகின்றன. தாகத்தோடு வரும் சிறுவன் காண்பது குளிர்பானத்தின் அடையாளத்தையே. எத்துணைச் சிறந்த சின்னமும் இவ்வழக்கத்தை வெல்லாது. அவரவர் வேண்டிய அளவுள்ள சிறு புட்டியை வாங்குவதே முறை.

வெற்றுப் புட்டியை மும்முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட வேண்டும், கால்வாயில் கொட்டலாகாது. பின்னர்ப் புட்டியை மீண்டும் பயன்படாதவாறு உடைக்க வேண்டும். வாளியாகவோ எண்ணெய்ப் பாத்திரமாகவோ அது வீட்டுக்குள் திரும்பி வரலாகாது.

எவருக்கேனும் நஞ்சு ஏறியதாக ஐயம் எழுந்தால், நஞ்சு பட்ட உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும். மருத்துவர் கூறாமல் வாந்தி எடுக்கச் செய்தலாகாது. புட்டியையோ லேபிளையோ உடன் எடுத்துச் செல்லுதல் மிக இன்றியமையாதது. நஞ்சின் பெயரும் மாற்று மருந்தும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். எந்நஞ்சு என்று அறிந்தால் மருத்துவர் காலம் தாழ்த்தாமல் மாற்று மருந்தைத் தொடங்க இயலும். குளிர்பானப் புட்டியில் ஊற்றிய நஞ்சு மருத்துவருக்கும் தன் பெயரைச் சொல்லாது.

அணையும் கால்வாயும் பயிருக்கு நீர் கொணர்ந்தன. ஆராய்ச்சி நிலையங்கள் நல்ல விதை தந்தன. பயிரைக் காக்கும் பொருளைக் கையாளுபவர் உயிரையும் காத்தலே இனி வேண்டுவது. அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஓர் அட்டை, இரண்டு கேள்விகள், பொறுமையாகக் கேட்கும் செவி ஆகியன போதும். வரும் பிசானத்துக்கு மருந்தடிக்கும் காலம் வருவதற்கு முன்னரே, ஒவ்வோர் ஊராட்சியும் தன் மக்களுள் ஐம்பது பேரையாவது கேட்டறிந்து, விளங்காதவற்றை அடுத்த கிராம சபையில் விளக்குமாக.